இயற்கை என்றால் போதுமா? கண்டி வீடுகளும் நாயின் தின்பண்டமும்

அன்றாடச் சாப்பாட்டுக்கு மேலாக, பழக்குவதற்கோ பாசத்துக்கோ நாய்க்குக் கையால் எடுத்துக் கொடுக்கும் துண்டு எதுவாக இருக்கலாம்? கேட்க எளிய கேள்விதான். ஆனால் 1860களில் லண்டனில் நாய் பிஸ்கட் விற்பனைக்கு வந்தது முதல் இதற்குச் சொல்லப்பட்ட விடைகள் ஒன்றையொன்று மறுத்தே வந்திருக்கின்றன. வீட்டில் மீந்தது போதும் என்றனர் ஒரு சாரார். மீந்தது கூடாது, தொழிற்சாலையில் அளந்து செய்ததே நல்லது என்றனர் அடுத்து வந்தவர்கள். தொழிற்சாலைப் பண்டம்தான் நோய்க்கே காரணம், பச்சை இறைச்சிக்கும் எலும்புக்கும் திரும்புங்கள் என்று மூன்றாவது குரல் எழுந்தது. இப்போது கடைப் பொதியிலும் வீட்டுக் குறிப்பிலும் ஒருங்கே கேட்பது நான்காவது விடை: இயற்கையானதைக் கொடுங்கள்.

கண்டியில் இந்தக் கேள்வி புதிதாகச் சூடுபிடித்ததற்கு விலைவாசியும் ஒரு காரணம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் டொலரின் பெறுமதி 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதியாகும் நாய் உணவும் அதோடு விலையேறியது. தின்பண்டத்துக்குக் கடைக்குப் போன கை, சமையலறைக்கும் வீட்டுத்தோட்டத்துக்கும் திரும்புவது இயல்பு. கண்டித் தோட்டமோ சாதாரணத் தோட்டமல்ல. பலா, கொக்கோ, சாதிக்காய், மிளகு, ஆனைக்கொய்யா, பப்பாசி, மரவள்ளி எல்லாம் ஒரே வேலிக்குள் அடுக்கடுக்காக நிற்கும் இடம் அது. நாய்க்கு நல்லதும் நஞ்சும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் காய்க்கின்றன. ஆகவே மேற்கத்தேய நூல்கள் சொல்லும் விடைகளை அப்படியே இங்கே இறக்கிவைக்க முடியாது. ஒவ்வொன்றையும் இந்த மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சோறும் மீந்த கறியும்

உலகில் மிகப் பழைய நாய் உணவு மனிதர் மிச்சம்தான். ரேமண்ட் கொப்பிங்கரும் லோர்னா கொப்பிங்கரும் 2001இல் வெளியிட்ட நூலில், நாய் என்ற விலங்கே மனிதக் குடியிருப்புகளின் கழிவுகளை அண்டி வாழ்ந்த ஓநாய்களிலிருந்து உருவாகியிருக்க வேண்டும் என்று வாதிட்டனர். அந்தக் கருதுகோளை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் 2013இல் 'நேச்சர்' இதழில் எரிக் அக்செல்சன் குழுவினர் வெளியிட்ட மரபணு ஆய்வு அதற்கு ஓரளவு வலுச் சேர்த்தது. மாப்பொருளைச் செரிக்க உதவும் அமிலேசு மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளாகவே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை காணப்பட்டன. நாய்க்குச் சோறு ஆகாது, கிழங்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்லிவிடுபவர்களுக்கு இது தகுந்த மறுப்பு.

மீந்ததைக் கொடுப்பவர்கள் காட்டும் இன்னொரு சான்று தெருநாய். கண்டி வாவிக் கரையிலும், விகாரை வாசல்களிலும், தோட்ட லயன்களைச் சுற்றியும் சோறும் குழம்பும் தின்று வாழும் நாய்களைப் பாருங்கள், அவற்றுக்கு என்ன வந்துவிட்டது என்பார்கள். ஆனால் நாம் பார்ப்பது பிழைத்திருக்கும் நாய்களை மட்டுமே. குட்டியிலேயே போனவையும், சிறுநீரகம் கெட்டு எங்கோ ஒதுங்கிச் செத்தவையும் யார் கணக்கிலும் இல்லை. தெருநாய் உயிரோடிருப்பது அது தின்றவை எல்லாம் நல்லவை என்பதற்குச் சான்றாகாது.

இந்த நிலைப்பாட்டின் உண்மையான பலவீனம் சோற்றில் இல்லை, குழம்பில் இருக்கிறது. வெங்காயத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கின்றன. சமைத்தாலும் காயவைத்துப் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போவதில்லை. உடல் நிறையில் 0.5 வீதத்துக்கு மேல் வெங்காயத்தை ஒரே தடவையில் உண்டால் பாதிப்பு தெரியத் தொடங்குவதாக நச்சியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. 10 கிலோ நாய்க்கு அது 50 கிராம். அரைத்த சம்பல் ஒரு கிண்ணத்தில், அல்லது வெங்காயம் தாராளமாக வதக்கிய இறைச்சிக் குழம்பின் அடிச்சட்டியில், அந்த அளவு வந்துவிடுவது கடினமல்ல. சிறிது சிறிதாகப் பல நாள் தின்பதும் பாதுகாப்பல்ல.

வெள்ளைப்பூடு பற்றிக் கருத்து பிரிந்தே கிடக்கிறது. தெள்ளும் உண்ணியும் அண்டாது என்று அதை நாய்க்குக் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் நடந்த பரிசோதனையில், ஒரு கிலோ உடல் நிறைக்கு 5 கிராம் பூட்டுக்குச் சமமான சாற்றை ஏழு நாள் கொடுத்தபோது செங்குருதிக் கலங்களில் சேதம் தெரிந்தது. ஆனால் கடுமையான இரத்தசோகை வரவில்லை. இதே முடிவை ஒரு தரப்பு 'ஆபத்து' என்றும், மறுதரப்பு 'அவ்வளவு பெரிய அளவில் கூட ஆபத்தில்லை' என்றும் வாசிக்கிறது. உண்ணி ஒழிகிறது என்பதற்குத் தக்க சான்று இல்லாதபோது, அந்தச் சேதத்தை விலைக்கு வாங்குவானேன் என்பதே என் எண்ணம்.

சித்திரைப் புத்தாண்டும் தீபாவளியும் தனியே குறிப்பிடத்தக்கவை. எண்ணெயில் பொரித்த பலகாரமும் கொழுப்பு மிதக்கும் ஆட்டுக்கறியும் ஒரே நாளில் நாயின் வயிற்றுக்குள் போகும் காலம் அது. கொழுப்பு மிகுந்த உணவைத் திடீரென உண்பது கணைய அழற்சிக்கு இட்டுச் செல்லக்கூடும். தொடர் வாந்தி, வயிற்று வலியால் முதுகை வளைத்து நிற்பது ஆகியவை அதன் அறிகுறிகள்.

பொதியில் வந்த விடை

அமெரிக்காவிலிருந்து இடிதாங்கி விற்க லண்டனுக்குப் போன ஜேம்ஸ் ஸ்பிராட், கோதுமை, பீற்றூட், காய்கறி, மாட்டிறைச்சிச் சத்து கலந்த பிஸ்கட்டை விற்கத் தொடங்கியதோடு நாய் உணவு தொழிற்சாலைப் பொருளாயிற்று. இந்தப் பக்கத்தின் வாதம் வலுவானதே. அளவு தெரியும், சத்து தெரியும், வெங்காயமும் எலும்புச் சில்லும் உள்ளே இருக்காது.

ஆனால் முழு உணவுக்குச் சொல்லப்படும் இந்த நியாயம் தின்பண்டத்துக்கு முழுமையாகப் பொருந்தாது. தின்பண்டம் நிறையுணவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே பொதியில் வருவதன் பெரிய அனுகூலம் அங்கே பாதியாகக் குறைந்துவிடுகிறது. தரக் கட்டுப்பாடு என்ற மற்றப் பாதியும் அடிக்கடி ஆட்டம் கண்டிருக்கிறது. 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் பெருந்தொகை நாய், பூனை உணவுகள் திரும்பப் பெறப்பட்டன. புரதம் கூடியதாகக் காட்டுவதற்காகக் கோதுமைப் புரதத்தில் மெலமின் கலக்கப்பட்டிருந்தது. அது சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமானது. அதே ஆண்டு முதல் உலர் இறைச்சித் தின்பண்டங்களைப் பற்றிய முறைப்பாடுகளும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வரத் தொடங்கின. 2015 முடிவுக்குள் 1,000க்கும் மேற்பட்ட நாய்களின் இறப்பு அந்த முறைப்பாடுகளில் பதிவானது. பெரும்பாலானவை சீனாவிலிருந்து வந்த பண்டங்களோடு தொடர்புபட்டவை. பல நாய்களில் சிறுநீரகக் குழாய்கள் கெட்ட அடையாளம் தெரிந்தது. திட்டவட்டமான காரணம் கடைசிவரை கண்டுபிடிக்கப்படவில்லை. கவனிக்க வேண்டியது, அவற்றுள் பல வெறும் கோழி இறைச்சி என்று பெயரிட்டு விற்கப்பட்டவை.

தானியமில்லா உணவு பற்றிய சர்ச்சையும் இதை ஒட்டியது. தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் மிகுதியாகச் சேர்த்த உணவுகளுக்கும் இதயத்தசை விரிவு நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அதே நிர்வாகம் 2018 ஜூலையில் அறிவித்தது. 2022 இறுதியில், புதிய அறிவியல் தகவல் வந்தாலன்றி மேலதிக அறிக்கை வெளியிடுவதில்லை என்று நிறுத்திக்கொண்டது. குற்றம் நிறுவப்படவும் இல்லை, நீக்கப்படவும் இல்லை. நாய்க்கு ஒரு கரண்டி அவித்த மைசூர்ப் பருப்பைக் கொடுக்கும் கண்டி வீட்டுக்கு இதிலிருந்து பெரிய அச்சம் எழ வேண்டியதில்லை. அங்கே பேச்சு முழு உணவைப் பற்றியது.

நம் பக்கத்தில் பொதி என்றால் பெரும்பாலும் மாரி பிஸ்கட்தான், அதுவும் தேநீரில் தோய்த்தது. பிஸ்கட்டின் குறை சீனியும் சத்தின்மையும். தேநீரின் விடயம் வேறு. காய்ந்த தேயிலையில் 2 முதல் 4 வீதம் வரை கஃபீன் இருக்கிறது. நாயில் ஒரு கிலோ உடல் நிறைக்கு 20 மில்லிகிராமளவில் பதற்றமும் வாந்தியும் தொடங்கலாம். 10 கிலோ நாய் 10 கிராம் தேயிலைத் தூளை விழுங்கினால் அந்த எல்லையைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். பிஸ்கட்டில் ஊறிய இரண்டு சொட்டுத் தேநீரால் நாய் விழுந்துவிடாது. எட்டும் இடத்தில் வைத்த தூள் பைக்கற்றையே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பச்சை இறைச்சி வாதம்

அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் எழுதிய நூலோடு, பச்சை எலும்பும் இறைச்சியுமே நாயின் இயல்பான உணவு என்ற கருத்து உலகெங்கும் பரவியது. அவர் நாட்டவரான டொம் லொன்ஸ்டேல் 2001இல் அதே வாதத்தை இன்னும் கடுமையாக முன்வைத்தார். பல் சுத்தமாகும், மலம் இறுகும், தோல் மினுங்கும் என்பவை அவர்கள் தரப்புச் சான்றுகள். கடிக்கக் கொடுப்பதால் பற்காறை குறைகிறது என்பதில் உண்மை இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் வளர்ப்பவர்களின் அனுபவக் கூற்றுகள்.

எதிர்த்தரப்பு கேட்பது நாயின் நலத்தை மட்டுமல்ல, வீட்டாரின் நலத்தையும். நாய் நோயின்றியே சல்மொனெல்லாவை மலத்தில் வெளியேற்றலாம். குழந்தை தவழும் தரையில் அது போய்ச் சேரும். அமெரிக்க மிருக வைத்தியச் சங்கம் 2012இல் பச்சை இறைச்சியைக் கொடுக்க வேண்டாம் என்று கொள்கை நிலைப்பாடு எடுத்தது இந்தக் காரணத்தால்தான்.

சந்தையிலிருந்து மலிவாகக் கிடைக்கும் பச்சை ஈரலும் நுரையீரலும் எனக்கு இன்னும் பெரிய கவலை. ஆட்டு, மாட்டு உறுப்புகளிலுள்ள நீர்க்கட்டிகள் வழியே ஒருவகை நாடாப்புழு நாய்க்குள் புகுந்து, அதன் முட்டை மனிதர் உடலில் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாக வளர்கிறது. நியூசிலாந்து இந்த நோயை ஒழிக்க 1959இல் தனிச் சட்டமே இயற்றி, நாய்க்குப் பச்சை உறுப்பிறைச்சி கொடுப்பதைத் தடுத்து, 2002இல்தான் நோய் நீங்கியதாகத் தற்காலிக அறிவிப்புச் செய்ய முடிந்தது. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அது. ஈரலை நன்றாக அவித்துக் கொடுத்தால் இந்த ஆபத்து போய்விடுகிறது. அவித்த ஈரல் பழக்குவதற்கு மிகச் சிறந்த துண்டு. விற்றமின் ஏ மிகுதியாக இருப்பதால் நாள்தோறும் கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

எலும்பில் கதை தலைகீழ். அவித்த, பொரித்த எலும்பு சில்லுச் சில்லாக உடையும். தொண்டையிலும் குடலிலும் குத்தும். கடையில் விற்ற பதப்படுத்திய எலும்புத் தின்பண்டங்களால் ஏறத்தாழ 90 நாய்கள் நோயுற்றதாகவும் அவற்றில் 15 அளவில் இறந்ததாகவும் தனக்கு வந்த முறைப்பாடுகளை வைத்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. கறிச்சட்டியில் மிஞ்சும் கோழி எலும்பும் இந்த வகைதான். ஆக, பச்சை எலும்பில் கிருமிப் பயம், சமைத்த எலும்பில் சில்லுப் பயம். எலும்பு எதுவுமே வேண்டாம் என்பவர்களின் பக்கமே தற்போதைய சான்று சாய்கிறது.

தோட்டத்தில் காய்ப்பவை

அமெரிக்காவில் தீவன விதிகளை வகுக்கும் அதிகாரிகள் சங்கம் 'இயற்கை' என்று பொதியில் போடுவதற்கு வரையறை வைத்திருக்கிறது. தாவரம், விலங்கு, கனிமம் ஆகியவற்றிலிருந்து கிடைத்து, இரசாயனத் தொகுப்பால் உருவாகாமல் இருந்தால் போதும். அந்த அளவுகோலின்படி சாதிக்காயும் இயற்கை, கொக்கோவும் இயற்கை. பாதுகாப்பைப் பற்றி அந்த வரையறை எதுவும் சொல்வதில்லை. கண்டித் தோட்டத்தில் நின்று பார்த்தால் இது ஏட்டு வாதமாகத் தெரியாது.

கோப்பி நோய் தாக்கி 1869க்குப் பின் மலைநாட்டுத் தோட்டங்கள் மாறியபோது தும்பறைப் பள்ளத்தாக்கில் கொக்கோ ஊன்றியது. இன்றும் கண்டி, மாத்தளைத் தோட்டங்களில் அது நிற்கிறது. சொக்கலேற் நாய்க்கு ஆகாது என்பது இப்போது பரவலாகத் தெரியும். சொக்கலேற்றை நாய்க்கு நஞ்சாக்கும் தியோபுரோமின் முற்றத்தில் காயும் கொக்கோ விதையிலும் இருப்பதும், அதுவும் பால் சொக்கலேற்றைவிட மிகச் செறிவாக இருப்பதும் அவ்வளவு தெரிந்ததல்ல. கிலோவுக்கு 20 மில்லிகிராமில் இலேசான அறிகுறி, 40 முதல் 50 வரையில் இதயத் துடிப்புக் கோளாறு, 60இல் வலிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சாதிக்காய் விளைச்சலில் கண்டி மாவட்டத்துக்கே நாட்டில் முதலிடம். கேக்கில் தூவிய ஒரு சிட்டிகையால் ஒன்றும் ஆகாது. விழுந்த காயை நாய் கடித்துத் தின்றால் மயக்கமும் நடுக்கமும் வரலாம்.

ஆனைக்கொய்யாவைப் பற்றிய அச்சம் சற்று மிகை என்றே தோன்றுகிறது. அதிலுள்ள பெர்சின் பறவைகளுக்கும் குதிரைக்கும் கொடியது. நாய்க்கு அவ்வளவு தீங்கானதாகத் தெரியவில்லை. ஆனால் கொழுப்பு மிகுதி, வழுக்கும் கொட்டை விழுங்கப்பட்டால் குடலை அடைக்கும். மாங்கொட்டை, ரம்புட்டான் கொட்டை, பலாக்கொட்டை எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும். சதை நல்லது, கொட்டை கூடாது. மரவள்ளியில் சயனைட்டை வெளியிடும் பொருள் உண்டு. மூடாமல் அவித்து நீரை வடித்துவிடும் நம் வீட்டு முறை நாய்க்கும் போதும். பச்சையாகக் கிள்ளிக் கொடுப்பதுதான் தவறு.

புளி

கண்டிச் சமையலறையைப் பொறுத்தவரை கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்த மிக முக்கியமான நச்சியல் செய்தி புளி பற்றியது என்பேன். அது இங்கே போதிய கவனம் பெறவில்லை.

திராட்சையும், கடையில் பிளம்ஸ் என்று கேட்டு வாங்கும் உலர்திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன என்று அமெரிக்காவின் விலங்கு நச்சுத் தடுப்பு நிலையத்தினர் 2001இல் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதினர். இருபது ஆண்டுகளாகக் காரணம் புலப்படவில்லை. பூஞ்சணமா, பூச்சிமருந்தா என்றெல்லாம் தேடினார்கள். ஒரு நாய் ஒரு கொத்துத் தின்றும் நலமாக இருக்க, மற்றொன்று சில பழங்களில் விழுந்தது பெரும் புதிர். 2021இல் அதே நிலையத்தினர் விடையின் ஒரு நுனியைப் பிடித்தனர். டாட்டாரிக் அமிலத்தின் உப்பு சேர்த்து வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்களில் திராட்சை நஞ்சின் அதே அறிகுறிகள் தோன்றின. புளி தின்ற நாய்களிலும் அப்படியே. திராட்சையின் இனத்தையும் காலத்தையும் பொறுத்து அமிலம் மாறுவதால் பாதிப்பும் மாறுகிறது என்று புதிர் ஓரளவு அவிழ்ந்தது. 2023இல் வெளியான ஆய்வுகூடப் பரிசோதனை ஒன்று நாயின் சிறுநீரகக் கலங்கள் டாட்டாரிக் அமிலத்தில் சேதமடைவதையும், மனிதச் சிறுநீரகக் கலங்கள் அதைத் தாங்குவதையும் காட்டியது. அந்த அமிலத்தைக் கடத்தி வெளியேற்றும் புரதமொன்று நாயிடம் இல்லாததே காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

திராட்சையில் டாட்டாரிக் அமிலம் 2 வீதத்தை எட்டுவதே அரிது. புளியின் சதையில் 8 முதல் 18 வீதம். எலுமிச்சை அளவு உருட்டிய 30 கிராம் புளியில் 2.4 முதல் 5.4 கிராம் வரை அமிலம் இருக்கும். ஆறு பேருக்கு வைத்த மீன்குழம்பில் அது முழுவதும் கரைந்திருக்கிறது. நாயின் சோற்றில் விழும் ஒரு கரண்டியில் அதன் பதினைந்தில் ஒரு பங்குதான் இருக்கக்கூடும். அந்த அளவில் நாய்கள் உடனே வீழ்வதில்லை என்று, பிழைத்தவற்றையே பார்க்கிறோம் என்ற எச்சரிக்கையோடு, ஒருவர் நம் தெருக்களைக் காட்டினால் முற்றாக மறுக்க முடியாது. ஆனால் கரைத்துப் பிழிந்த சக்கையைக் கொட்டும் இடத்துக்கும், புளி உருண்டை வைத்த பானைக்கும், சீனி சேர்த்த புளி இனிப்புக்கும் அந்தச் சமாதானம் பொருந்தாது. இனிப்பானதை நாய் நின்று தின்னும்.

கொறுக்காய்ப்புளியின் நிலை வேறு. அதன் புளிப்பு முக்கியமாக வேறோர் அமிலத்தால் வருவது. புளியின் குற்றத்தை அதன்மேல் ஏற்றுவதற்கு இப்போது ஆதாரமில்லை. அது நல்லது என்று சொல்லவும் அதே போல் ஆதாரமில்லை. மாசியும் கருவாடும் இட்ட சம்பலின் பிரச்சினை புளிப்பல்ல, உப்பு.

உலர்த்துவதும் ஈரமும்

வீட்டில் செய்யும் இயற்கைத் தின்பண்டம் என்றால் இன்று பெரும்பாலும் உலர்த்திய துண்டுகளைத்தான் சொல்கிறார்கள். வற்றாளங்கிழங்குச் சீவல், கோழிக்கீற்று, ஈரல் வற்றல். பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்காதது என்பதே அவற்றின் பெருமை. வறண்ட நாடுகளில் எழுதப்பட்ட இந்தக் குறிப்புகள் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றரில், இரு பருவமழைக்கும் இடைப்பருவ மழைக்கும் நடுவே இருக்கும் கண்டியில் தடுமாறுகின்றன. ஒக்டோபர், நவம்பரில் முற்றத்தில் காயப்போட்ட சீவல் இரண்டாம் நாளே மெழுகுபோல் ஒட்டத் தொடங்கும். வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

இது அருவருப்பின் பிரச்சினை மட்டுமல்ல. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் நிலக்கடலைப் புண்ணாக்கால் இறந்தபோது அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பே 1950களில் அமெரிக்கத் தென்கிழக்கு மாநிலங்களில் நாய்களைக் கொன்றுகொண்டிருந்த பெயர் தெரியாத ஈரல் நோயும் அதே நஞ்சால் வந்ததே என்று பின்னர் விளங்கியது. 2020 டிசம்பரில்கூட அமெரிக்காவில் ஒரு நாய் உணவு அதற்காகத் திரும்பப் பெறப்பட்டது. கச்சான், சோளம், கொப்பரை மூன்றும் அந்தப் பூஞ்சணத்துக்கு உகந்த இடங்கள். மழைக்காலத்தில் தகரத்தில் கிடந்து வாடை மாறிய கச்சானை மனிதர் துப்பிவிடுவார்கள். நாய்க்குத்தானே என்று அதைப் போடுவது ஒதுக்கப்பட வேண்டிய வழக்கம். வறுத்தாலும் இந்த நஞ்சு முழுவதும் அழிவதில்லை. கச்சானை அரைத்த வெண்ணெயை வாங்குபவர்கள் லேபிளில் சைலிட்டோல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த இனிப்பு நாயின் குருதிச் சீனியை நிமிடங்களில் சரித்துவிடக்கூடியது.

இறைச்சியை உலர்த்துபவர்கள் முதலில் அதை 71 பாகை செல்சியசுக்கும், கோழியை 74 பாகைக்கும் சூடாக்கிவிட்டுப் பிறகு உலர்த்த வேண்டும் என்பது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வழிகாட்டல். ஏற்கெனவே காய்ந்த இறைச்சிக்குள் இருக்கும் கிருமி பின்னர் கொடுக்கும் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். இவ்வளவும் செய்து, மழைக்காலத்தில் காற்றுப் புகாமல் வைத்துக் காப்பதைவிட, அன்று அவித்ததை அன்றே கொடுத்து மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைப்பது இந்த ஊருக்குப் பொருத்தமானது. தின்பண்டம் நீண்ட நாள் கெடாமல் இருக்க வேண்டும் என்பது கடையின் தேவை. சந்தை பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு அந்தத் தேவை இல்லை.

நெத்தலிக் கருவாட்டுக்கு இங்கே தனியிடம் உண்டு. மணத்துக்காகவே நாய் எதையும் செய்யும். இரவு நீரில் ஊறவிட்டு, நீரை இரண்டு தடவை மாற்றி, தலையைக் கிள்ளி, வெறும் நீரில் அவித்தால் உப்பின் பெரும்பகுதி இறங்கிவிடும். பத்துக் கிலோ நாய்க்கு அப்படி மூன்று நான்கு போதும். சந்தைக் கருவாட்டை அப்படியே கொடுப்பது, குறிப்பாகக் குடிநீர் பக்கத்தில் இல்லாத நாய்க்கு, உப்பு நஞ்சாகும் வாய்ப்பைத் திறந்துவிடுகிறது.

அளவு

எது என்ற கேள்வியில் எல்லோரும் மல்லுக்கட்ட, எவ்வளவு என்பதில் நிலைப்பாடுகள் ஏறக்குறைய ஒன்றுபடுகின்றன. உலகச் சிறுவிலங்கு மிருக வைத்தியச் சங்கத்தின் போசாக்குக் குழு தின்பண்டம் அன்றாடக் கலோரியில் 10 வீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. கருத்தடை செய்த, வீட்டோடு கிடக்கும் 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 500 முதல் 600 கலோரிதான் தேவை. ஆகவே தின்பண்டத்துக்கு 50 முதல் 60.

அந்த 60 கலோரியைக் கண்டி வீட்டில் வைத்துப் பார்த்தால் திடுக்கிட வைக்கும். மாரி பிஸ்கட் இரண்டிலேயே ஏறக்குறைய 50 போய்விடும். தேங்காய் துருவும்போது வாலாட்டி வந்து நிற்கும் நாய்க்கு நீட்டும் ஒரு சொட்டு, 15 கிராம் இருந்தால், 50ஐத் தாண்டும். அவித்த முட்டை ஒன்று 75 அளவில். தோலுரித்த சிறிய கதலி ஒன்று 55. மறுபுறம் 100 கிராம் கரட்டில் 41தான் இருக்கிறது. போஞ்சி, பூசணி, விதை நீக்கிய பப்பாசி எல்லாம் அதைச் சுற்றியே. அவித்த வற்றாளங்கிழங்கில் 100 கிராமுக்கு 80 அளவில்.

அளவின் முக்கியத்துவத்துக்கு வலுவான சான்று 2002இல் வெளியான நீண்டகால ஆய்வு. 48 லாப்ரடோர் நாய்களைச் சோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 வீதம் குறைத்து வாழ்நாள் முழுதும் உணவளித்தார்கள். குறைத்து உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13.0 ஆண்டு, மற்றவற்றினது 11.2 ஆண்டு. மூட்டு நோயும் பிந்தியே வந்தது. எந்த இயற்கைப் பண்டத்துக்கும், எந்தப் பொதிக்கும், இத்தகைய பலன் இதுவரை காட்டப்பட்டதில்லை.

இன்னும் தீராதவை

நான்கு நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, பண்டம் எங்கிருந்து வந்தது என்பதைவிட அதோடு என்ன சேர்ந்தது, எத்தனை நாளானது, எவ்வளவு போனது என்பவையே பாதுகாப்பைத் தீர்மானிப்பதாகத் தெரிகிறது. உப்பும் வெங்காயமும் புளியும் சேரும் முன் சட்டியிலிருந்து எடுத்து ஆறவைத்த கோழித்துண்டு, இறக்குமதிப் பொதிக்கும் பச்சை எலும்புக்கும் தாழ்ந்ததல்ல. பல வீடுகளுக்கு அதுவே மேல். இவ்வளவு தூரம் சான்று வருகிறது.

வராத இடங்களும் உண்டு. டாட்டாரிக் அமிலம்தான் காரணம் என்பது வலுவான கருதுகோள், ஆனால் எத்தனை கிராம் புளி எத்தனை கிலோ நாய்க்கு ஆபத்து என்ற எல்லை வகுக்கப்படவில்லை. குழம்பில் கரைந்து சோற்றோடு சேர்ந்து நாள்தோறும் சிறிதளவாகச் செல்லும் புளி, முதுமையில் சிறுநீரகத்தைத் தளர்த்துகிறதா என்பது அதைவிடக் கடினமான கேள்வி. திராட்சை நாடுகளில் அது எழவே எழாது. புளியும் நாயும் ஒரே வீட்டில் வாழும் நாடுகள்தாம் கேட்க வேண்டும். இலங்கையின் ஒரே மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில் இருக்கின்றன. மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் கன்னொறுவையில் இருக்கிறது. நாட்டு நாய்களின் உணவையும் குருதிச் சோதனை முடிவுகளையும் சேர்த்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் அரிது. ஆயுளை நீட்டும் மெலிவு பற்றிய முடிவும் லாப்ரடோர்களிடம் கிடைத்தது. சோறு தின்று, வெளியில் திரிந்து, புழுத் தொல்லையோடு வாழும் நம் நாட்டு நாயில் அதே இடைவெளி தெரியுமா என்பதும் திறந்தே கிடக்கிறது.

அந்த விடைகள் வரும்வரை வீட்டார் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நாய் புளியையோ உலர்திராட்சையையோ தின்றது தெரிந்தால், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, வாந்தி வரும்வரை காத்திராமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வாந்தி பெரும்பாலும் முதல் நாளுக்குள் வந்துவிடும். சிறுநீரகம் கெடுவது குருதிச் சோதனையில் தெரிய 24 முதல் 72 மணித்தியாலம் ஆகலாம். முதல் நாள் எடுத்த சோதனை சரியாக இருக்கிறது என்று வீட்டுக்குத் திரும்பிவிடாமல், இரண்டாம், மூன்றாம் நாளிலும் சோதிக்கச் சொல்லிக் கேட்பது அவசியம்.